சூப்பர் மாரியோ ரன்

சூப்பர் மாரியோ ரன் என்பது ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 2016 டிசம்பர் 15 அன்று ஐபோனுக்கும் ஐபேடுக்கும் வெளியிட்ட செல்போன் விளையாட்டு. ஆண்ட்ராய்டு பதிப்பு 2017 மார்ச்சில் வந்தது. 1985இல் வெளியான ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முதல், மாரியோ வரிசையின் முக்கிய விளையாட்டுகள் நிண்டெண்டோவின் சொந்த விளையாட்டுக் கருவிகளில்தான் வந்துகொண்டிருந்தன. அந்த வழக்கத்தை உடைத்த விளையாட்டு இது. கோடிக்கணக்கானோர் இறக்கிக்கொண்டார்கள், காசு கொடுத்தவர்கள் சிலரே. நிண்டெண்டோவின் பிற்கால செல்போன் வியாபாரத்தை இந்த வேறுபாடுதான் பெரிதும் தீர்மானித்தது.

பின்னணி

செல்போன் விளையாட்டுகள் மீது நிண்டெண்டோவுக்கு நெடுநாள் ஒவ்வாமை இருந்தது. அதன் தலைவர் சத்தோரு இவாட்டா 2011இல் சான் பிரான்சிஸ்கோவில் விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில் பேசியபோது, இலவசமாகவும் அடிமாட்டு விலைக்கும் குவியும் விளையாட்டுகள் இந்தக் கலையின் மதிப்பையே குறைத்துவிடும் என்று கவலைப்பட்டார். ஆனால் கணக்குப் புத்தகம் வேறு கதை சொன்னது. 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிறுவனம் 3,730 கோடி யென் இயக்க நட்டம் காட்டியது. பத்துக் கோடிக்கு மேல் விற்ற வீ கருவிக்கு வாரிசாக வந்த வீ யூ, தன் ஆயுள் முழுவதிலும் 1.36 கோடியைத் தாண்டவில்லை.

2015 மார்ச் 17 அன்று இவாட்டா, டோக்கியோவின் டிஎன்ஏ என்ற செல்போன் விளையாட்டு நிறுவனத்துடன் கூட்டு அறிவித்தார். இரு நிறுவனங்களும் ஒன்றன் பங்குகளை மற்றொன்று 2,200 கோடி யென்னுக்கு வாங்கிக்கொண்டன. பழைய கருவி விளையாட்டுகளை அப்படியே செல்போனுக்கு மாற்றப்போவதில்லை, செல்போனுக்கென்றே புதிதாகச் செய்வோம் என்றார். நிறுவனம் கருவித் தொழிலைக் கைவிடுகிறது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, அதே மேடையில் ‘என்எக்ஸ்’ என்ற புதுக் கருவியின் குறிப்பெயரையும் வெளியிட்டார். அதுதான் பின்னாளில் ஸ்விட்ச் ஆயிற்று. அறிவித்த நான்கு மாதங்களுக்குள், 2015 ஜூலையில், இவாட்டா காலமானார்.

2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் நிறைவு விழாவில் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே மாரியோ வேடத்தில் தோன்றினார். மூன்று வாரம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 7 அன்று ஆப்பிளின் மேடையில், மாரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ நேரில் வந்து இந்த விளையாட்டை அறிமுகம் செய்தார். ரயிலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஆடலாம், ஆப்பிளைக் கடித்துக்கொண்டேகூட ஆடலாம் என்று அரங்கைச் சிரிக்கவைத்தார்.

ஆட்டமுறை

மாரியோ விளையாட்டின் உயிர் கட்டைவிரலில் இருக்கிறது. இடக்கை சிலுவை வடிவப் பொத்தானில் திசையைப் பார்த்துக்கொள்ளும்; வலக்கை ஒரு பொத்தானில் ஓடும், இன்னொன்றில் குதிக்கும். எந்தப் பொத்தான் எங்கே என்று விரல் தொட்டே அறியும், கண் திரையை விட்டு விலக வேண்டியதில்லை. வழவழப்பான கண்ணாடியில் இது நடக்காது. மற்ற நிறுவனங்கள் பல, திரையின் மூலையில் பொத்தான் படம் வரைந்துவிட்டுத் தப்பித்துக்கொண்டன. ஆடியவர்களுக்குத் தெரியும், அந்தப் படத்தில் விரல் எத்தனை முறை வழுக்கும் என்று.

மியாமோட்டோவின் குழு பொத்தான்களையே எடுத்துவிட்டது. செல்போனை நெட்டுவாக்கில் ஒரு கையில் பிடித்தால் போதும். மாரியோ தானாக ஓடுகிறான். சின்ன மேடுகளையும் சிற்றெதிரிகளையும் தானாகவே தாவிக் கடக்கிறான். திரையைத் தொட்டால் குதிப்பான், அழுத்தியே இருந்தால் உயரக் குதிப்பான். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பழைய மாரியோவிலும் நிற்காமல் ஓடிக்கொண்டேதான் இருப்பார்கள் என்பதால், இதில் பறிபோனது நினைப்பதைவிடக் குறைவு. எப்போது குதிப்பது என்ற ஒரே முடிவுதான் ஆடுபவரிடம் மிஞ்சுகிறது. அந்த ஒரு முடிவைச் சுற்றி முழு விளையாட்டையும் கட்டியிருக்கிறார்கள். சிவப்புக் கட்டை மேல் நின்றால் ஓட்டமும் கடிகாரமும் நிற்கும், அடுத்த அடியை யோசிக்கலாம். குழியில் விழுந்தால் மாரியோ ஒரு குமிழிக்குள் பின்னோக்கி மிதந்துவருவான். வேண்டிய இடத்தில் குமிழியை உடைத்துக்கொள்ளலாம்.

வெளியானபோது ஆறு உலகங்களில் 24 களங்கள் இருந்தன. எண்ணிக்கை குறைவுதான், ஒரு மாலைக்குள் முடித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு களத்திலும் ஐந்து இளஞ்சிவப்பு நாணயங்கள் உண்டு; அவற்றைத் திரட்டிவிட்டால் அதே களத்தில் வேறு இடங்களில் ஊதா நாணயங்கள் முளைக்கும், பிறகு கறுப்பு. கறுப்பு நாணயங்களைத் தேடும்போதுதான் களம் எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கப்பட்டது என்பது புலப்படும். முதல் சுற்றோடு நிறுத்திவிட்டு, சின்ன விளையாட்டு என்று குறைபட்டவர்கள் பாதியைத்தான் பார்த்தார்கள்.

பிறர் ஓடிய ஓட்டத்துடன் போட்டியிடும் ‘டோட் ராலி’யும், அதில் வென்ற டோட் பாத்திரங்களைக் குடியேற்றி ஓர் ஊரை எழுப்பும் பகுதியும் உண்டு. 2017 செப்டம்பரில் ‘ரீமிக்ஸ் 10’ என்ற குறுங்களத் தொடரும் டெய்சி இளவரசி என்ற பாத்திரமும் சேர்ந்தன.

விலை

வெளியானபோது முதல் மூன்று களங்களும் நான்காவதில் ஒரு துணுக்கும் இலவசமாக இருந்தன. மீதிக்கு 9.99 டாலர், ஜப்பானில் 1,200 யென் கேட்டார்கள். ஒரு முறை கொடுத்தால் போதும், பிறகு எதற்கும் காசு கேட்காது. கருவி விளையாட்டு ஒன்றுக்கு 60 டாலர் கேட்டுப் பழகிய நிறுவனத்துக்கு இது மலிவு விலை. இலவசமாக இறக்கி, வேண்டுமானால் பிறகு சில்லறை செலவழித்துப் பழகிய செல்போன்காரர்களுக்கு இதுவே கொள்ளை விலையாகத் தெரிந்தது. ஆப் ஸ்டோரில் ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்தன. திருட்டுப் பிரதிக்கு அஞ்சி, ஆடும்போதெல்லாம் இணைய இணைப்பு கட்டாயம் என்று வைத்ததும் எரிச்சலைக் கூட்டியது. சுரங்க ரயிலில் சமிக்ஞை போனால் ஆட்டமும் போகும். மேடையில் மியாமோட்டோ சொன்ன ரயில் பயணத்துக்கே இது உதவவில்லை.

நான்கு நாளில் 4 கோடி தரவிறக்கம் ஆனது. 2017 ஜனவரி இறுதிக்குள் அது 7.8 கோடியைத் தொட்டபோது, விலை கொடுத்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று மேல். அப்போதைய தலைவர் தட்சுமி கிமிஷிமா, வருமானம் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

2017 பிப்ரவரியில் வந்த ‘ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸ்’ வேறு வழியில் போனது. ஆட்டம் இலவசம், வீரர்களைப் பெறத்தான் காசு, அதுவும் எந்த வீரன் வருவான் என்று தெரியாமல். பெட்டிக்கடை அட்டையில் ஒட்டிய பரிசுச் சீட்டைக் கிழித்துப் பார்க்கும் அதே ஆசைதான். ஜப்பானில் இதைக் காச்சா என்பார்கள். நிண்டெண்டோவின் செல்போன் விளையாட்டுகள் ஈட்டிய மொத்த வருவாய் 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டதாக 2020 ஜனவரியில் சென்சார் டவர் என்ற செயலிச் சந்தை ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டபோது, அதில் 61 விழுக்காடு ஹீரோஸினுடையது. தரவிறக்கங்களில் பாதிக்கு மேல் மாரியோ ரன்னினுடையது. வருவாயில் அதன் பங்கு ஏறத்தாழ 7 விழுக்காடு. நேர்மையான விலை வைத்த விளையாட்டு கூட்டத்தைச் சேர்த்தது, சீட்டு விற்ற விளையாட்டு கல்லாவை நிரப்பியது.

பின்வந்தவை

2019 செப்டம்பரில் வந்த ‘மாரியோ கார்ட் டூர்’ காச்சாவையும் மாதம் 4.99 டாலர் சந்தாவையும் ஒருசேர வைத்தது. கண்டனம் ஓயவில்லை, 2022இல் காச்சா நீக்கப்பட்டது. அதற்கு முன்பே பெல்ஜியம் இத்தகைய விற்பனையைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்திருந்ததால், 2019 ஆகஸ்டில் ஹீரோஸும் ‘அனிமல் கிராசிங்: பாக்கெட் கேம்ப்’பும் அந்நாட்டில் நிறுத்தப்பட்டன. ‘டாக்டர் மாரியோ வேர்ல்டு’ 2021இலும், சைகேம்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து செய்த ‘டிராகாலியா லாஸ்ட்’ 2022இலும் மூடப்பட்டன. பாக்கெட் கேம்ப் 2024 நவம்பரில் நின்றது. மறு மாதமே, இணையச் சேவையை நம்பியிராத, ஒரே விலைக்கு முழுசாக விற்கும் பதிப்பாகத் திரும்பி வந்தது.

இந்த ஏற்ற இறக்கத்தை நிறுவனத்தால் தாங்க முடிந்ததற்குக் காரணம் ஸ்விட்ச். 2017 மார்ச்சில் வந்த அக்கருவி 15 கோடிக்கு மேல் விற்றது. 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் செல்போன் விளையாட்டும் உரிமத் தொகையும் சேர்ந்து 5,700 கோடி யென் ஈட்டின. மொத்த விற்பனையோ 1.76 லட்சம் கோடி யென். 2023இல், மாரியோ திரைப்படம் வெளியான வேளையில், மாரியோ விளையாட்டுகளின் முதன்மைப் பாதை இனி செல்போன் அல்ல என்று மியாமோட்டோ சொல்லிவிட்டார். புதிய ரசிகர்களைச் சேர்க்கும் வேலை திரைப்படத்துக்கும் ஒசாகா யுனிவர்சல் ஸ்டுடியோஸில் 2021இல் திறந்த ‘சூப்பர் நிண்டெண்டோ வேர்ல்டு’க்கும் போய்விட்டது. மாரியோ ரன்னுக்குத் தொடர்ச்சியாக இன்னொரு ஓட்ட விளையாட்டு செல்போனுக்கு வரவில்லை.