பவனியின் வர்ணம்

மைசூர் அரண்மனையின் கல்யாண மண்டபத்தைக் கண்டிராத தமிழர் அந்நகரில் அரியர். கிளாஸ்கோவில் உருவான மயிற்கோலக் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். சுற்றுச் சுவர்களில் உள்ள 26 தசராச் சித்திரங்களே இன்று நமக்குப் பொருள்.

1897-ல் பழைய மர அரண்மனை தீக்கிரையாயிற்று. சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்திலும் பங்கு கொண்ட ஹென்றி இர்வின் வகுத்தபடி புதிய மாளிகை 1912-ல் நிறைவெய்தியது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்துப் பவனியைப் புகைப்படக் கருவி கறுப்பிலும் வெளுப்பிலும் பதிந்து வைத்தது. அப்படங்களை ஆதாரமாகக் கொண்டு, 1934 முதல் 1945 வரை மைசூர் ஓவியர்கள் இச்சித்திரங்களை வர்ணத்தில் தீட்டினர். முகச்சாயல் புகைப்படத்தினின்று வந்தது. குதிரை வீரரின் உடைக்கும் தலைப்பாகைக்கும் நிறம் எங்கிருந்து வந்தது? ஆண்டுதோறும் அப்பவனி சென்ற ஊரிலேயே வாழ்ந்தவர்கள் அவர்கள். கேட்டறியவும் கண்டறியவும் இடமிருந்தது.

இன்று அப்பணியைக் கணிப்பொறி செய்கிறது. பழைய படத்தின்மேல் வேறோர் அடுக்கை அமைத்து, ஒளியும் நிழலும் மூலத்தினுடையனவாகவே நிற்க, நிறத்தை மட்டும் ஏற்றுகின்றனர். முகம் முழுவதற்கும் ஒரே நிறம் பூசினால் சந்தனக்காப்பு இட்டாற்போலத் தோன்றும். கன்னத்திலும் காது மடலிலும் சற்றே செம்மை, தாடையோரத்தில் சற்றே மங்கல் என வேறுபடுத்தினாலன்றி உயிர் வாராது.

கைத்திறன் இவ்வளவும் தரும், உண்மையைத் தாராது. 19-ஆம் நூற்றாண்டுப் புகைப்படத் தகடுகள் பெரும்பாலும் நீல ஒளியையே உணர்ந்தன, சிவப்பை உணரவில்லை. ஆதலால் வானம் வெளிறியது; செஞ்சேலை கருத்தது; குங்குமமும் சாந்துப்பொட்டும் ஒன்றாயின. தானே வர்ணமேற்றும் செயலி இவ்விடத்தில் ஊகிக்கிறது. பாட்டியின் அரக்குக் கூறைக்கு அது பழுப்பு நிறம் அளித்தால், பேரப்பிள்ளைகள் அதனையே மெய்யென்று கொள்வர். ஊர்விட்டு வந்த நம்மிடம் பெரும்பாலும் படம் உண்டு, புடவை இராது.

ஆயினும் அக்கூறையின் நிறத்தைச் சொல்லத்தக்க ஒரு பெரியம்மாவோ அத்தையோ கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ இன்னும் இருக்கக்கூடும். வர்ணமேற்றுமுன் தொலைபேசியில் அவரைக் கேட்டுவிடலாம். மூலப்படத்தைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, புதிய படத்தின் பின்புறத்தில் எந்நிறம் கேட்டறிந்தது, எது நம் ஊகம் என்று இரண்டு வரி எழுதி வைக்கலாம்.