அடியார் வரலாறும் சாட்சி இலக்கியமும்

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுவோர் 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைத் தவறாமற் குறிப்பர். அது பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். அதனை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் (என்றிக்கே என்றிக்கசு) எட்டாண்டுகள் கழித்து, 1586இல், அறுநூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களில் வெளியிட்ட ‘அடியார் வரலாறு’ என்னும் பெருநூலுக்கோ ஒற்றை வரியே கிடைக்கிறது. ‘கிறித்தவர் தமிழ்த்தொண்டு’ என்று தலைப்பிட்டுத் தேம்பாவணியையும் சதுரகராதியையும் ஒப்பித்து முடிப்பது நம் வகுப்பறைகளின் வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்தால் நாம் இழந்தது சிறிதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

‘புளோசு சாங்தோரும்’ என்னும் இலத்தீன் பெயரும் கொண்ட இந்நூல், முத்துக்குளித்துறைப் பரதவரின் பொருளுதவியால் அச்சேறியது. புனிதர்களின் வரலாறுகளைத் திருவழிபாட்டு ஆண்டின் முறையில் தொகுத்துரைப்பது. அன்றைய கடற்கரை மக்களின் பேச்சுத் தமிழும், மாற்றாமல் விடப்பட்ட போர்ச்சுகீசியச் சொற்களும் இதில் அருகருகே அமர்ந்துள்ளன. செந்தமிழ்ச் சுவை நாடுவோர்க்கு முதற் பக்கத்திலேயே முகம் சுளிக்கத் தோன்றலாம். ஆனால் பதினாறாம் நூற்றாண்டில் நம் மக்கள் எவ்வாறு பேசினர் என்பதற்கு இத்துணை விரிவான சான்று வேறு எங்கே உள்ளது? வத்திக்கான் நூலகத்திலிருந்த படி தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் தமிழுலகிற்குத் தெரியவந்தது. இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் தூத்துக்குடியிலிருந்து அதனைப் பதிப்பித்தார்.

இனி, இத்தகைய நூல்களை எவ்வாறு படிப்பது என்ற வினா எழுகிறது. தொடக்கக் காலக் கிறித்தவ இலக்கியத்தில் இவ்வரலாறுகள் ஒரே தன்மையன அல்ல. 203ஆம் ஆண்டு கார்த்தேசு நகரில் கொல்லப்பட்ட பெர்பெத்துவா, கைக்குழந்தையை உடைய இளந்தாய். சிறையின் இருளையும், பால் மறவாத மகவையும், நம்பிக்கையைக் கைவிடுமாறு காலில் விழுந்து மன்றாடிய தந்தையையும் அவள் தன் வாய்மொழியாகவே பதிந்து வைத்தாள். அவளது சாவை மட்டும் வேறொருவர் எழுதிச் சேர்த்தார். (தம் பாடலில் தம் பெயரைப் பொறித்துச் சென்ற காரைக்காலம்மையாரை நினையாமல் இப்பகுதியைக் கடக்க என்னால் இயலவில்லை.) இது ஒருவகை. உரோமையில் 354ஆம் ஆண்டுத் தொகுப்பொன்றிலுள்ள சாட்சியர் பட்டியல் மற்றொரு வகை. அதில் பெயரும், நாளும், அடக்கம் செய்த இடமுமே உள்ளன, கதை இல்லை. அவ்வெறும் பெயர்களுக்குப் பின்வந்த நூற்றாண்டுகள் பெற்றோரையும் பகைவரையும் அற்புதங்களையும் படைத்தளித்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வொராசினே தொகுத்த ‘பொன் வரலாறு’ அவ்வளர்ச்சியின் முதிர்ந்த கனி. அண்டிரிக் அடிகளாரின் நூலும் அம்மரபின் வழித்தோன்றலே.

இவ்வளர்ச்சி நமக்குப் புதிதன்று. நம் வட்டாரத்துத் திருநின்றவூர்ப் பூசலாரை எடுத்துக்கொள்வோம். சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் அவர் ஏறத்தாழ ஒரு பெயரே. நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியில் அப்பெயர் ஒரு பாடலாகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் கையில், பொருளின்றி மனத்திலேயே கோயில் எழுப்பியவரும், அதனால் காடவர் கோமானின் குடமுழுக்கு நாளையே தள்ளிவைக்கச் செய்தவருமான முழு மனிதராகிறார். பட்டியல், பாடல், காப்பியம் என்ற இப்படிநிலையை உரோமைப் பட்டியலோடு வைத்து நோக்குக. புனிதர் வரலாறுகளைத் திறனாய்ந்து பதிப்பிக்கும் பணியைப் பொலாந்து என்பவரின் வழிவந்த இயேசு சபையார் 1643இல் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான தெலகாய், கதை எவ்வளவு ஐயத்திற்குரியதாயினும், அடக்க இடமும் விழா நாளும் உறுதியாகக் கிடைப்பின் அவ்வடியார் வரலாற்றில் வாழ்ந்தவரே எனக் கொள்ள இடமுண்டு என்று காட்டினார். ஊரும் திருநட்சத்திரமும் தவறாது காக்கும் நம் குருபூசை மரபை இவ்வளவைகொண்டு ஆராய்வார் இன்னும் மிகுதியாக வரவில்லை.

கவிஞர் பெருமக்கள் கருத வேண்டியது மற்றொன்று. தேம்பாவணியை 3615 பாக்களில் பாடிய வீரமாமுனிவரே ‘கித்தேரியம்மாள் அம்மானை’யையும் பாடினார். ஒரே பேற்றில் பிறந்த ஒன்பது சகோதரியருள் ஒருத்தியாகச் சொல்லப்படும் கன்னிச் சாட்சி கித்தேரியம்மாள். வரலாற்றுச் சான்றென்று நோக்கின் கையில் நிற்பது மிகக் குறைவு. ஆயினும் விருத்தத்தில் வல்ல புலவர், மகளிர் காய் வீசி ஆடும் ஆட்டத்தின் பெயர் தாங்கிய எளிய வடிவத்தை ஒரு பெண்ணின் கதைக்குத் தேர்ந்தார் என்பதே இங்கு வரலாறு. காப்பியத்தைப் போற்றி அம்மானையைப் புறந்தள்ளும் நம் திறனாய்வு எனக்கு உடன்பாடன்று.

சொல்லையும் நோக்கலாம். வேதசாட்சி, இரத்தசாட்சி, மறைசாட்சி எனக் காலந்தோறும் முன்னொட்டு மாறினும் ‘சாட்சி’ மாறவில்லை. மூலமான கிரேக்கச் சொல்லின் பொருளும் அதுவே. தியாகி கொடுப்பவர், சாட்சியோ கண்டதைச் சொல்பவர். 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் வெட்டுண்ட அருளானந்தர், முந்தைய நாள் சிறையிலிருந்து எழுதிய மடல் பெர்பெத்துவாவின் குறிப்புகளோடு ஒருங்கே படிக்கத்தக்கது. தடியத்தேவர் ஒருத்தியை மட்டும் மனைவியாக வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கியதும், விலக்கப்பட்டோருள் ஒருத்தி சேதுபதியின் உறவினளாயிருந்ததும் அக்கொலைக்கு வித்தாயின. சமயமும் அரண்மனையும் இவ்வாறு பின்னியிருப்பதை ஆய்வாளர் மறைத்தல் ஆகாது. ஓரியூரின் செம்மணல் அவர் குருதியால் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. மடலும் மணலும் இருவேறு சான்றுகள்.

1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுடப்பட்ட தேவசகாயம் பற்றியும், அவர் மாண்டது மதத்திற்காகவா அரசியலுக்காகவா என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. 2022 மே 15இல் உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பெற்றார். அதற்குச் சில மாதங்கள் முன்னர், பெயரோடு வழங்கிவந்த ‘பிள்ளை’ என்னும் சாதிப்பெயரைத் திருச்சபை நீக்கியது. இருநூற்றெழுபது ஆண்டுகள் கழித்தும் அவ்வரலாற்றின் ஏட்டில் ஒரு சொல் அடிக்கப்பட்டுள்ளது.