ஜாம் போத்தல் விளக்கும் எங்கள் வீட்டு இன்வெர்ட்டரும்

2012 கரண்ட் கட்டை திருச்சிப் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு ரெண்டு மணி நேரம்தான். நமக்கு ஒரு மணி நேரம் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது, ராத்திரி பகல் எல்லாம் ஒன்றுதான். துவாக்குடியில் உட்கார்ந்து அதை அனுபவித்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு எரிச்சல் உண்டு. பக்கத்திலேயே பெல் தொழிற்சாலை. செக்கோஸ்லோவாகியா உதவியோடு 1965இல் தொடங்கியது. நாட்டில் எத்தனையோ அனல்மின் நிலையங்களில் நீராவி எழும்புவது இங்கே செய்த கொதிகலன்களில்தான். அதற்கான உதிரி வேலைகளைச் செய்து கொடுக்கும் பட்டறைகள் எங்கள் ஊர் தொழிற்பேட்டையில் இருக்கின்றன. கரண்ட் போனதும் வெல்டர்கள் எல்லாம் டீக்கடைக்கு வந்துவிடுவார்கள். கரண்ட் உண்டாக்குகிற மெஷினைச் செய்யக் கரண்ட் இல்லை!

அந்த வருஷம் அக்டோபரில் எங்கள் வீட்டு உள்சுவர்களுக்குப் பெயின்ட் அடிக்க ஒருத்தர் வந்தார். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் வாழவந்தான்கோட்டை இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர், 1996இல் படகில் வந்து இறங்கியவர். சாயங்காலம் கடைசி அறையை முடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. இன்வெர்ட்டரும் ‘கீ கீ’ என்று கத்திவிட்டு நின்றுவிட்டது. நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். அவர் ஏணியில் நின்றபடியே சிரித்தார். "ஒரு மணித்தியாலத்துக்கே இந்தப் பேச்சே தம்பி? நாங்கள் அஞ்சு வருஷம் கரண்டே இல்லாமல் இருந்தனாங்கள்." இறங்கி வந்து, வெறும் ஜாம் பாட்டில் ஒன்று இருக்கிறதா என்று கேட்டார்.

அவர் செய்து காட்டியது இதுதான். பாட்டிலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டி எடுத்த வால்வு, அதன் ஓட்டைக்குள் பஞ்சுத் திரி. அந்த வால்வைப் பஞ்சின்மேல் நிறுத்திப் பற்றவைத்துவிட்டார். தீபம் பாட்டிலுக்குள்ளேயே எரிகிறது. பாட்டிலே சிம்னி, காற்றில் அணையாது. எண்ணெய் பஞ்சில் ஊறிக் கிடப்பதால் கை தட்டிக் கவிழ்ந்தாலும் கொட்டாது. வால்வின் துவாரம் சின்னது என்பதால் திரியும் மெலிசு, தீபமும் சின்னது. எண்ணெய்ச் செலவைத் தீர்மானிப்பது அந்தத் துவாரம்தான். யாழ்ப்பாணத்தில் இதற்கு ஜாம் போத்தல் விளக்கு என்று பெயர். சிக்கன விளக்கு என்றும் சொல்வார்களாம்.

இது வந்த கதை. 1990 ஜூனில் இலங்கையில் போர் மறுபடி மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. கூடவே பொருளாதாரத் தடையும் வந்தது. பெட்ரோல், டீசல், சிமென்ட், உரம், டார்ச் பேட்டரி எல்லாம் தடைப் பட்டியலில். மண்ணெண்ணெய் அளந்துதான் வந்தது, வெளியில் வாங்கினால் யானை விலை. பல லட்சம் பேர் இப்படியே 1995 வரை இருந்தார்கள். அந்த வருஷம் அக்டோபர் 30ஆம் தேதி இரவு, ராணுவம் நெருங்கி வந்தபோது, வலிகாமம் பகுதி மக்கள் மொத்தமாக வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. நம் பெயின்டரும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தர். அதுவரை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், ஏ லெவல் பரீட்சைக்குப் படித்தார்கள், எல்லாம் இந்த பாட்டில் வெளிச்சத்தில்.

வெளிச்சத்துக்கு வழி கிடைத்துவிட்டது. செய்தி கேட்க? பேட்டரி இல்லாமல் ரேடியோ பாடாது. அங்கேதான் சைக்கிள் டைனமோ வருகிறது. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி ஒருத்தர் பெடலை மிதிக்க, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து பிபிசி தமிழோசை கேட்டார்கள். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. ஆனால் சைக்கிள் டைனமோ தருவது மாறுதிசை மின்சாரம், 6 வோல்ட், 3 வாட். பேட்டரி ரேடியோவுக்கு வேண்டியது நேர்மின்சாரம். நடுவில் டையோடு போட்டு ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டும், கெப்பாசிட்டர் வைத்து நடுக்கத்தை அடக்க வேண்டும். வேகமாக மிதித்தால் வோல்டேஜ் ஏறும், ரேடியோ புகைந்துவிடும். மெதுவாக மிதித்தால் செய்தி பாதியில் கம்மும். "நல்ல செய்தி வந்தால் மிதிக்கிறவன் தன்னை மறந்து வேகமா மிதிப்பான், நாங்கள் கத்துவம்" என்றார்.

வண்டிகளும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் கார்புரேட்டரில் சில சொட்டு பெட்ரோல் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் குறைவான பழைய எஞ்சின்களுக்கு இது ஒத்துவந்தது. அதனால்தான் மூலையில் கிடந்த ஆஸ்டின், மோரிஸ் கார்களுக்கு அங்கே திடீர் மவுசு. இந்த வித்தை வானத்திலிருந்து குதிக்கவில்லை என்பது என் கணிப்பு. வெங்காயம், மிளகாய், புகையிலை என்று கிணற்றுத் தண்ணீரை இறைத்தே விவசாயம் செய்த ஊர் அது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற பம்ப்செட் அவர்களுக்கு முன்னாலேயே பழக்கம்.

டைனமோ என்றதும் இன்னொரு பையன் ஞாபகம் வருகிறான். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டு வில்லியம் கம்க்வாம்பா. பஞ்சத்தில் பீஸ் கட்ட முடியாமல் பள்ளிக்கூடம் நின்றுபோனது. 2002இல், பதினாலு வயதில், பழைய டிராக்டர் ஃபேன், பிளாஸ்டிக் குழாய், சைக்கிள் டைனமோ இதையெல்லாம் வைத்துக் காற்றாலை செய்து வீட்டில் பல்பு எரியவிட்டான். அவன் கதை புத்தகமாகவும் சினிமாவாகவும் வந்தது. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு நடந்ததற்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கு வருகிறேன். 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி. கணக்குப்படி உள்ளே நிற்பது 1.8 யூனிட். ஈய அமில பேட்டரியில் ஏற்றும்போது ஒரு நஷ்டம், திரும்ப 230 வோல்ட்டாக மாற்றும்போது இன்னொரு நஷ்டம். ஒரு யூனிட் எடுக்க ஏறக்குறைய ஒன்றரை யூனிட் உள்ளே போட வேண்டும். பற்றாக்குறை காலத்தில் ஊரே இன்வெர்ட்டர் வாங்கினால் என்ன ஆகும்? கரண்ட் வந்த நிமிஷம் எல்லா வீட்டு பேட்டரியும் ஒரே நேரத்தில் உறிஞ்ச ஆரம்பிக்கும். ஏற்கெனவே போதாத மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சூடாக்கி வீணடித்து, மிச்சத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தோம். என் வீட்டு நிம்மதி அடுத்த தெருவின் கட் நேரத்தைக் கொஞ்சம் நீட்டியிருக்கும். இன்வெர்ட்டர் வாங்க முடியாத வீடுகள் ரெண்டு தடவை இழந்தன. யாழ்ப்பாணத்தில் யாரும் யாருடைய கரண்டையும் உறிஞ்ச முடியாது, உறிஞ்ச ஒன்றும் இல்லை. எவ்வளவு குறைவாக எரித்தால் போதும் என்பது மட்டும்தான் அங்கே கணக்கு.

இதை நான் அன்றைக்கே உற்சாகமாக அவரிடம் சொன்னேன். "என்னா மூளைண்ணே உங்க ஊர்க்காரங்களுக்கு" என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "கெட்டித்தனம் எண்டு சொல்லாதேங்கோ தம்பி. வேற வழி இல்லை, அதுதான். என்ர தங்கச்சி இந்த விளக்குப் புகையிலதான் படிச்சவள். இரவெல்லாம் இருமுவாள். பாஸ் பண்ணினவள். ஆனா அந்த வயசில ஒரு பிள்ளைக்கு வெளிச்சம் தராதது ஆர்? அதை முதல்ல எழுதோணும்."

ஆகவே எழுதுகிறேன். விளக்கைக் கண்டுபிடித்தவர்களைப் பாராட்டும்போது, இருட்டு தானாக வந்து கவிந்ததுபோல் ஆகிவிடுகிறது. பேட்டரியைத் தடை செய்தது ஒரு அரசாங்கம். போரை நடத்தியது இரண்டு தரப்பும்.

போன வருஷம் பழைய சைக்கிள் டைனமோ ஒன்றைத் தேடி அலைந்தேன். கடைகளில் இப்போது யாரும் வைத்திருப்பதில்லை, எல்லாம் எல்இடி. கடைசியில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. ஒரு மனுஷன் மூச்சு வாங்காமல் தொடர்ந்து மிதித்துத் தரக்கூடியது ஏறத்தாழ 75 வாட், அதாவது ஒரு சீலிங் ஃபேன். டைனமோ அதில் 3 வாட்தான் கேட்கும். ஆனால் தேய்ந்த டைனமோ டயரைக் கடித்துக்கொண்டு சுற்றுவதில் போகிற தெம்பு தனி. டையோடு, கெப்பாசிட்டர் எல்லாம் சரியாகத்தான் வைத்தேன். மாநிலச் செய்தி முடிவதற்குள் எனக்குத் தொடை பிடித்துக்கொண்டது. வானிலை அறிக்கையைப் பையன் மிதித்துக் கேட்டான்.