கடுகுச் சங்குகளும் கடலின் ஆழமும்



சென்னை எழும்பூரில் உள்ள அருங்காட்சியகத்தை முற்காலத்துச் சென்னைவாசிகள் ‘செத்த காலேஜ்’ என்று அழைத்தனர். உயிருள்ள விலங்குகளை வைத்திருந்த தோட்டம் அவர்களுக்கு ‘உயிர் காலேஜ்’. வேடிக்கையாக வழங்கிய அப்பெயரில் ஓர் உண்மையும் உண்டு. ஒரு பிழையும் உண்டு. அங்கே இருப்பவை செத்தவை என்பது உண்மை. செத்தவை ஆகையால் இனி அவை நமக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணுவதுதான் பிழை. இன்று நான் சொல்ல வந்த வரலாறு நம்மூர்க் காட்சிச்சாலையைப் பற்றியது அன்று. கடல் கடந்த நாடுகளின் காட்சிச்சாலைகளிலே, சிறு கண்ணாடிக் குழாய்களுக்குள் உறங்கும் கடல் நத்தைகளின் ஓடுகளைப் பற்றியது. அவற்றுள் பல கடுகளவு. சில கடுகினும் சிறியவை.

கடற்கரைக்குச் செல்வோர் சங்கும் சோழியும் பொறுக்குவது வழக்கம். அலை ஒதுக்கிய நுண்மணலில் ஒரு பிடி அள்ளி, உலர்த்தி, கருப்புத் தாளின்மேல் பரப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குவோர் மிகச் சிலரே. அவ்வாறு நோக்கினால், மணல் என்று நினைத்ததன் நடுவே கோபுரம் போன்றும் பம்பரம் போன்றும் சிறு சங்குகள் கிடப்பதைக் காணலாம். இவை பெரிய சங்குகளின் குஞ்சுகள் என்று பலர் நினைப்பதுண்டு. சில குஞ்சுகளே, ஆயினும் பல, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவிலேயே முழு வளர்ச்சி பெற்றுவிட்ட தனி இனங்கள். ரிசோவா குடும்பத்தார் கடற்பாசியின்மேல் படிந்த நுண்படலத்தை மேய்கின்றனர். பிரமிடெல்லா குடும்பத்தார் சிப்பிகளிடத்தும் புழுக்களிடத்தும் நீண்ட உறிஞ்சுகுழலைச் செலுத்திச் சாற்றைக் குடிக்கின்றனர். யூலிமா குடும்பத்தாரோ நட்சத்திர மீன், கடல் வெள்ளரி போன்றவற்றின் உடலில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணிகள். உருவம் சிறியதே ஒழிய, பிழைக்கும் வழி சிறியதன்று!

இனி வரலாற்றுக்கு வருவோம். 1841-ஆம் ஆண்டில் எட்வர்டு போர்ப்ஸ் என்னும் இளைஞர், ‘பீக்கன்’ என்ற ஆங்கிலக் கடற்படைக் கப்பலில் இயற்கை நூலாளராகச் சேர்ந்து, கிரேக்க நாட்டை அடுத்த ஈஜியன் கடலுக்குச் சென்றார். இரும்புச் சட்டத்தில் பை ஒன்றைக் கட்டி, கயிற்றால் கடலடியில் இறக்கி, இழுத்து, மண்ணோடு உயிர்களையும் வாரி எடுப்பது அவர் முறை. இக்கருவியை டிரெட்ஜ் என்பர். நாம் வாரிப்பை என்று வைத்துக்கொள்வோம். நம் மீனவர் கடலின் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள் அல்லவா? ஒரு பாகம் ஆறடி. போர்ப்ஸ் 230 பாகம் வரை வாரிப் பார்த்தார். கீழே செல்லச் செல்ல உயிரினங்கள் குறைந்துகொண்டே போவதைக் கண்டார். குறையும் வேகத்தைக் கணக்கிட்டு, 300 பாகத்துக்குக் கீழே உயிரே இராது என்று கருதினார். இருளும் குளிரும் நீரின் பேரழுத்தமும் நிறைந்த அவ்விடத்தில் எது வாழும்? கேட்டவர்க்கெல்லாம் நியாயமாகவே பட்டது.

போர்ப்ஸை எள்ளி நகையாடுவது இன்று எளிது. நான் அதை விரும்பவில்லை. அவர் கண்டதைத்தான் எழுதினார். ஆனால் ஈஜியன் கடலின் ஆழம் இயற்கையிலேயே உயிர்வளம் குன்றியது. ஒரு கடலில் கண்டதை எல்லாக் கடலுக்கும் விரித்ததே தவறு. தம் கருத்தைத் தாமே திருத்திக்கொள்ளவும் அவருக்கு ஆயுள் கிடைக்கவில்லை. 1854-ல், 39-ஆம் வயதில், மறைந்துவிட்டார். கருத்து மட்டும் பாடப் புத்தகம்போல் நிலைத்தது. மாறான சான்றுகளும் வந்துகொண்டுதான் இருந்தன. சார்டினியாத் தீவுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் இடையே கிடந்த தந்திக் கம்பி பழுதுற்று, 1860-ல் மேலே இழுக்கப்பட்டபோது, ஆயிரம் பாகத்துக்கும் கீழே கிடந்த பகுதியில் பவழ உயிர்களும் சிப்பிகளும் ஒட்டி வளர்ந்திருந்தன. கம்பியில் ஒட்டியிருந்தவற்றை, வழியில் ஒட்டிக்கொண்டவை என்று எவரும் சொல்ல முடியாது. எனினும் ஐயம் முற்றிலும் நீங்கவில்லை.

இவ்விடத்தில் நம் கதையின் நாயகர் வருகிறார். ஜான் குவின் ஜெப்ரீஸ் என்பது அவர் பெயர். வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரில் 1809-ல் பிறந்தவர். தொழிலோ வழக்கறிஞர் தொழில். உள்ளமோ நத்தை ஓட்டில். வழக்கு மன்றத்துக்கு விடுமுறை என்றால் வாரிப்பையுடன் கடலுக்குப் போய்விடுவார். வட கடலிலுள்ள ஷெட்லாந்துத் தீவுகளைச் சுற்றிப் பல ஆண்டுகள் வாரியவர். பிரிட்டனின் மெல்லுடலிகளைப் பற்றி 1862 முதல் 1869 வரை ஐந்து தொகுதிகளாக நூல் எழுதி முடித்தார். அந்த 1869-லேயே, தம் 60-ஆம் வயதில், ‘போர்க்குப்பைன்’ என்னும் கடற்படைக் கப்பலில் ஆராய்ச்சித் தலைவராக அயர்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் ஏறிச் சென்றார். அறுபதைக் கடந்த நானோ மாடிப்படி ஏறுவதற்கே யோசிக்கிறேன்!

அப்பயணத்தில் வாரிப்பை 1,476 பாகம், அதாவது 8,856 அடி, இறங்கியது. நத்தைகளும் சிப்பிகளும் வந்தன. அதே கப்பல் அவ்வாண்டு வைவில் தாம்சன் என்பவர் தலைமையில் பிஸ்கே விரிகுடாவில் 2,435 பாக ஆழத்தில் வாரியது. பையை இறக்கி மீண்டும் மேலே ஏற்றுவதற்கு ஏழெட்டு மணி நேரம் பிடித்ததாம். அங்கும் உயிர் இருந்தது. உயிரற்ற ஆழம் என்ற கொள்கை அச்சேற்றில் புதைந்துபோயிற்று எனலாம்.

சேறு கப்பலின் மேல்தளத்துக்கு வந்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. பெரிய கண், நடுத்தரக் கண், நுண்ணிய கண் எனப் பல சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கடல்நீர் நிறைந்த தொட்டியில் அமிழ்த்தி, மெல்ல அசைத்துச் சேற்றைக் கரைக்க வேண்டும். முரட்டுத்தனமாகக் குலுக்கினால் ஓடுகள் நொறுங்கிவிடும். கடைசிச் சல்லடையில் தங்குவதை உலர்த்தி, ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வோர் ஓடாகத் தொட்டெடுக்க வேண்டும். முந்திய இடத்து ஓடு ஒன்று சல்லடைக் கண்ணில் சிக்கியிருந்து அடுத்த இடத்துச் சேற்றோடு கலந்துவிட்டால், கரையோரத்து நத்தை ஆழ்கடலில் வாழ்வதாக நூலில் ஏறிவிடும். ஆகையால் சல்லடையைக் கழுவுவதும் ஆராய்ச்சியே.

பிறகு ஓடுகள் கண்ணாடிக் குழாய்க்குள் செல்லும். அவற்றோடு ஒரு சிறு சீட்டும் செல்லும். கப்பலின் பெயர், நாள், வாரிய இடத்தின் எண், ஆழம், இவ்வளவே அதில் இருக்கும். அச்சீட்டின் அருமையை நான் நூலில் கற்கவில்லை. என் குற்றத்தால் கற்றேன். கடலோர ஊர் ஒன்றில் நான் பணியாற்றியபோது, மாணவர்கள் பல ஆண்டுகள் முயன்று பொறுக்கிய சங்கு சிப்பிகளை அறிவியல் அலமாரியில் வைத்திருந்தோம். எந்தக் கரை, எந்த மாதம், பொறுக்கியவன் யார் என்று ஒவ்வொன்றின் கீழும் சீட்டு. ஆய்வாளர் வருகிறார் என்று அலமாரியைத் துடைத்து அழகுபடுத்தச் சொன்னேன். பணியாள் சொன்னபடியே செய்தார். ஓடுகளை எல்லாம் கழுவி ஒரு தாம்பாளத்தில் அழகாகக் கொட்டி, பழைய சீட்டுகளைக் குப்பையில் சேர்த்துவிட்டார். ஆய்வாளர் பாராட்டினார். ஓடு ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் அன்று முதல் அவை சுண்ணாம்புக்கல் அன்றி வேறில்லை. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் சங்கு எது என்று தேடி நின்றதை இன்னும் நான் மறக்கவில்லை.

இனி ஜெப்ரீஸின் ஓடுகள் என்னவாயின என்று பார்ப்போம். 1883-ல் அவருடைய பெருந்தொகுப்பை அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. வில்லியம் ஹீலி டால் என்னும் பெரும் புலவர் அங்கே மெல்லுடலிப் பிரிவைக் கவனித்து வந்தார். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் வாரிய ஓடுகளில் பெரும் பகுதி இவ்வாறு வாஷிங்டன் நகருக்குக் கடல் தாண்டிப் போயிற்று. வேறு ஒரு பகுதி லண்டனில் இருக்கிறது.

இதனால் என்ன இடர் என்று நீங்கள் கேட்கலாம். ஓர் உயிரினத்துக்குப் புதிதாகப் பெயரிடும் அறிஞர், எந்த மாதிரியைக் கண்டு பெயரிட்டாரோ, அம்மாதிரியே அப்பெயருக்கு ஆணிவேர். பின்னால் ஐயம் எழுந்தால் நூலைப் படித்தால் மட்டும் போதாது. அந்த மூல ஓட்டையே எடுத்துப் பார்க்க வேண்டும். ஜெப்ரீஸ் ‘லைட்னிங்’, ‘போர்க்குப்பைன்’ கப்பல்களின் மெல்லுடலிகளைப் பற்றி 1878 முதல், 1885-ல் இறக்கும் வரை, பகுதி பகுதியாக எழுதி வந்தார். புதுப் பெயர்களும் பல தந்தார். மூல ஓடு இருப்பது லண்டனிலா, வாஷிங்டனிலா? சுவீடன் நாட்டு அறிஞர் ஆண்டர்ஸ் வாரன் என்பவர் தேடித் தொகுத்து, ஜெப்ரீஸ் பெயரிட்ட கடல் மெல்லுடலிகளின் மூல மாதிரிகள் எங்கெங்கே உள்ளன என்ற பட்டியலை 1980-ல் வெளியிட்டார். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து! தொகுப்பை வெளிநாட்டுக்குப் போகவிட்டது பிரிட்டனுக்கு இழப்பென்று சிலர் வருந்துவர். என் கருத்து வேறு. நூறு ஆண்டு அதைக் காத்து வைத்திருக்கும் இடம் எந்த நாட்டில் இருந்தால் என்ன?

காப்பது என்பதும் பூட்டி வைப்பது அன்று. ஓடுகள் சுண்ணாம்புப் பொருளால் ஆனவை. அக்காலத்தில் உறுதி கருதி ஓக் மரத்தில் பேழைகள் செய்தனர். அம்மரத்திலிருந்தும் அட்டைப் பெட்டியிலிருந்தும் அமில ஆவி மெல்லக் கசிந்து, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஓட்டைத் தாக்கும். ஓட்டின்மேல் வெண்பொடி பூக்கும். பைன் என்பவர் 1899-ல் இதை ஒரு தொற்றுநோய் எனக் கருதி எழுதியதால் ‘பைன் நோய்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அது கிருமியின் வேலை அன்று, அமில ஆவியின் வேலையே என்று 1985-ல் வேதியியல் முறையில் விளக்கப்பட்டது. பழைய கண்ணாடிக் குழாய்களோ காலப்போக்கில் தாமே வியர்த்துக் காரம் கசிவதுண்டு. பெரிய சங்கில் பொடி பூத்தால் மெருகுதான் போகும். ஒரு மில்லிமீட்டர் ஓட்டில் பூத்தால் ஓடே போய்விடும்.

அவ்வளவு பாடுபட்டுக் காத்த ஓட்டிலிருந்து ஜெப்ரீஸ் அறிந்திராத செய்திகளும் கிடைத்திருக்கின்றன. நத்தை ஓட்டின் உச்சியிலுள்ள முதற் சுருள், அது முட்டையிலும் குஞ்சுப் பருவத்திலும் கட்டியது. நத்தை வளர்ந்தாலும் அச்சுருள் உச்சியிலேயே நிற்கும். முதற் சுருள் பருத்து, ஓரிரு சுற்றே இருந்தால், குஞ்சு முட்டையிலிருந்து நேரே ஊர்ந்து வெளிவந்தது என்பர். நுண்ணிதாய்ப் பல சுற்று இருந்தால், அது நெடுநாள் நீரில் நீந்தி மேய்ந்து திரிந்தது என்பர். மின்னணு உருப்பெருக்கி வந்தபின் இதைத் தெளிவாகக் காண முடிந்தது. பிரெஞ்சு அறிஞர் பிலிப் பூஷேயும், முன்னர்ச் சொன்ன வாரனும் 1979-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆழ்கடல் நத்தைகள் சிலவற்றின் உச்சிச் சுருள், அவை குஞ்சுப் பருவத்தில் நீந்தி இரை தேடியவை எனக் காட்டுவதை எடுத்துரைத்தனர். அடுத்துவந்த ஆண்டுகளில், ஓட்டிலுள்ள ஆக்சிஜன் வகைகளை அளந்து, அது வெதுவெதுப்பான நீரில் உருவானதா, குளிர்நீரில் உருவானதா என்றும் கண்டனர். ஆயிரம் பாக ஆழத்தில் பிறந்த குஞ்சு ஒளிமிகுந்த மேற்பரப்புக்கு ஏறி வந்து, மேய்ந்து, மீண்டும் இருளில் இறங்கி வாழ்கிறது! இறந்து வெறும் ஓடாகக் கிடைத்த நத்தையும் தன் பிள்ளைப் பருவக் கதையை நெற்றியில் எழுதி வைத்திருக்கிறது.

ஜெப்ரீஸுக்குப் பின் வந்த ‘சாலஞ்சர்’ கப்பலின் பெரும்பயணத்தை, 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றியதை, நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதன் நத்தைகளை ஆராய்ந்து 1886-ல் பெருநூல் எழுதிய ராபர்ட் பூக் வாட்சன், ஸ்காத்லாந்துப் பாதிரியார். வழக்கறிஞரும் பாதிரியாரும் வளர்த்த துறை இது.

நம் கரைக்கும் இவ்வரலாற்றில் ஒரு மூலை உண்டு. மெல்வில், ஸ்டாண்டன் என்னும் ஆங்கிலேயர் இருவர், சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கிடைத்த கடல் மெல்லுடலிகளைப் பற்றி 1898-ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்களுள் மெல்வில் வாழ்நாளெல்லாம் சேர்த்த ஓட்டுத் தொகுப்பு, பின்னர் டாம்லின் என்பவரிடம் சேர்ந்து, 1954-ல் அவர் மறைந்தபின் வேல்ஸ் நாட்டுத் தலைநகர் கார்டிஃபின் அருங்காட்சியகத்தை அடைந்தது. ஸ்வான்சியில் பிறந்த ஜெப்ரீஸின் ஓடுகள் வாஷிங்டனில் இருக்கின்றன. சென்னைக் கரையைப் பற்றி எழுதிய மெல்விலின் ஓடுகள், அந்த ஸ்வான்சிக்கு ஏறத்தாழ நாற்பது மைல் தொலைவில், சீட்டுகளோடு குழாய்களில் இருக்கின்றன.