காவிரியில் இறங்கினால் மீன் கடிக்குமா? பயப்பட வேண்டியது எதற்கு?

சனிக்கிழமை காலை பெங்களூரிலிருந்து கிளம்பி கனகபுரா ரோட்டைப் பிடித்தால், மதியத்துக்குள் சங்கமா, மேகதாது, முத்தத்தி என்று ஏதாவது ஒரு காவிரிக் கரையில் இருப்பீர்கள். தண்ணீரைப் பார்த்ததும் இறங்கத் தோன்றும். அந்த நேரம் பார்த்து கூட வந்த நண்பர் ஒருவர், "டேய், இதுல ஆள் சைஸ் மீன் இருக்காம்" என்று ஆரம்பிப்பார்.

அவர் சொல்வது பொய் இல்லை. காவிரியின் கூன்முதுகு மஹ்சீர் 50 கிலோவைத் தாண்டி வளரக்கூடியது. 1946-ல் கபினியில் பிடிபட்ட ஒன்று சுமார் 54 கிலோ. ஆனால் மஹ்சீர் கெண்டைக் குடும்பத்து மீன், அதன் தாடையில் பல்லே கிடையாது. நத்தை, நண்டு போன்றவற்றை நொறுக்கும் பற்கள் தொண்டைக்குள்தான் இருக்கின்றன. உங்களைக் கடிக்க அதனிடம் எதுவும் இல்லை. உண்மையில் பயப்பட வேண்டியது அந்த மீன்தான்: அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்துப் பிடித்தல், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட வேறு மஹ்சீர் இனம் எல்லாம் சேர்ந்து, 2018-ல் அது 'மிக அருகிவிட்ட இனம்' என்று ஐ.யூ.சி.என். பட்டியலில் ஏறியது. அதன் அறிவியல் பெயர் 'டோர் ரெமாதேவியை' என்று உறுதியானதும் அதே ஆண்டில்தான்.

அப்படியென்றால் 'ஆளை இழுக்கும் மீன்' கதை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இந்திய-நேபாள எல்லையில் ஓடும் காளி ஆற்றிலிருந்து. 1998-க்கும் 2007-க்கும் இடையில் அங்கே குளித்த சிலர் தண்ணீருக்குள் இழுக்கப்பட்டதாகப் பேச்சு கிளம்பியது. பிரிட்டிஷ் மீன்பிடிப்பாளர் ஜெரமி வேட், கேமராவோடு போய் கூஞ்ச் என்ற ராட்சதக் கெளுத்தி ஒன்றைப் பிடித்தார். ஆறடி நீளம், 70 கிலோவுக்கு மேல். கரையில் பாதி எரிந்த உடல்களைத் தின்று பழகி மனித மாமிச ருசி கண்டுவிட்டது என்பது கதை. டி.வி.க்கு அருமையான கதைதான், ஆனால் அந்த மரணங்களுக்கு கூஞ்ச்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

சரி, நம் ஆறுகளில் கடிக்கவோ குத்தவோ கூடிய மீனே இல்லையா? இருக்கிறது. வாளை மீனுக்கு வாய் நிறைய பல். ஆனால் அதன் கடி, தூண்டிலிலிருந்து அதைக் கழற்றுகிறவர்களுக்கான பிரச்சினை. குஞ்சுகளைக் காவல் காக்கும் நேரத்தில் பெரிய விரால் சீறிக்கொண்டு வரலாம், அதுவும் விரட்டத்தான். காலை நீட்டி உட்கார்ந்தால் கொறிக்கும் பொடி மீன்களுக்கு மால்களில் காசு கொடுக்கிறோம், இங்கே இலவசம்.

கொஞ்சம் கவனம் வேண்டியது தேளி, கெளுத்தி வகைகளிடம். தேளியின் பக்கத் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. மிதித்தாலோ கையில் பிடித்தாலோ குத்தும், வலி உயிர் போகும். குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரமாவது வைத்திருங்கள், பிறகு டாக்டரிடம் போய் முள் உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று பார்த்து, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலை மீன் இல்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். காவிரியில் சதுப்பு முதலைகள் உண்டு, ரங்கனதிட்டுவில் படகிலிருந்தே பார்க்கலாம். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் இறங்கவே கூடாது.

இப்போது எண்களுக்கு வருவோம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் 38,000-க்கும் அதிகமானோர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதாவது ஒரு நாளைக்கு நூறு பேருக்கு மேல். அந்த அறிக்கையில் 'விலங்குகளால் கொல்லப்பட்டவர்கள்' என்று ஒரு தலைப்பு இருக்கிறது, மீனுக்கென்று தனியாக எதுவும் இல்லை.

மேகதாதுவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அகலமாக வரும் ஆறு திடீரென்று குறுகிய பாறை இடுக்குக்குள் நுழைகிறது. ஆடு தாண்டும் அளவுக்குக் குறுகியது என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தமே. அகலம் குறைந்தால் வேகமும் ஆழமும் கூடும். தண்ணீர் குடைந்த பாறைக் குழிகள் மேலிருந்து தெரியாது, பாசி வழுக்கும், உள்ளே சுழல் இழுக்கும். முத்தத்தி பக்கம் வேறு சிக்கல்: மேலே அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால், வானம் தெளிவாக இருக்கும்போதே ஆறு ஏறும். முழங்கால் அளவு என்று நினைத்த இடம் இடுப்பளவு ஆகிவிடும். யாரையோ 'ஏதோ கீழே இழுத்தது' என்று சொல்லும்போது, பெரும்பாலும் இழுத்தது இதுதான்.

ஸ்கூபா கற்றவர்கள் கேட்கலாம்: ஆற்றில் டைவ் அடித்தால்? பெங்களூரில் நீச்சல் குளத்தில் பயிற்சி எடுப்பவர்கள் நேத்ராணி தீவுக்குப் போவதற்குக் காரணம் இருக்கிறது. கலங்கிய ஆற்றில் கை நீட்டினால் கை தெரியாது. நீரோட்டம், மூழ்கிக் கிடக்கும் மரக்கிளை, அறுந்த மீன்வலை மூன்றும் ஆக்ஸிஜன் சிலிண்டர் போட்டவரையும் சிக்க வைக்கும். (அதில் இருப்பது ஆக்ஸிஜன் இல்லை, அழுத்தப்பட்ட சாதாரணக் காற்று. எல்லோரும் அப்படிச் சொல்வதால் நானும் சொல்லிவிட்டேன்.) இதுபோன்ற ஆறுகளில் முக்குளிப்பவர்கள் பெரும்பாலும் தீயணைப்பு, மீட்புப் படையினர்தான், அதுவும் யாரையாவது தேடி.

எனவே இறங்குவதற்கு முன் பரிசல் ஓட்டுபவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தப் பாறைக்குப் பின்னால் ஆழம் என்று அவருக்குத் தெரியும். குடித்திருந்தால் கரையோடு சரி. யாராவது மூழ்கினால் நீங்களும் குதிக்காதீர்கள்: கயிறு, துப்பட்டா, நீளமான கம்பு, மூடிய காலி தண்ணீர் கேன், கிடைத்ததை வீசுங்கள், சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள், 112-க்கு அழையுங்கள். பள்ளத்தாக்குக்குள் சிக்னல் கிடைக்காமல் போகலாம், அதனால் கிடைக்கும் இடம் எது என்று வந்தவுடனே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.