நறுக்குகளில் எஞ்சிய குரல்: நெல்லி மெக்லங்கும் ஆல்பர்ட்டா சட்டமன்றமும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணச் சட்டமன்றத்தில் 1921 முதல் 1926 வரை லிபரல் கட்சி உறுப்பினராக வீற்றிருந்தவர் நெல்லி மெக்லங். நாவலாசிரியர், பெண்களின் வாக்குரிமைக்குப் போராடியவர், மேடைப் பேச்சால் பெயர் பெற்றவர். ஆயினும் அவையில் அவர் பேசியவற்றுக்குச் சொல்லுக்குச் சொல்லான அதிகாரப்பூர்வப் பதிவு இல்லை. ஆல்பர்ட்டாவின் ஹன்சார்டு 1972இல்தான் தொடங்கியது.

அதுவரை அவ்விடத்தை நிரப்பியவை நாளிதழ் நறுக்குகளே. அவை நடவடிக்கை பற்றிய செய்திகளைச் சட்டமன்ற நூலகம் 1906 முதல் கத்தரித்து ஏடுகளில் ஒட்டிவந்தது. ஆய்வாளர்கள் அவற்றை 'நறுக்கு ஹன்சார்டு' என்றே வழங்குகின்றனர். இது நூலகம் தொகுத்தது. மெக்லங்கின் சொந்த ஆவணங்களோடு சேர்ந்த நறுக்கேடுகளோ, அவர் பிற்காலத்தில் வாழ்ந்து மறைந்த விக்டோரியா நகரில், பிரிட்டிஷ் கொலம்பியா ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இவ்வேடுகளில் கேட்பது பேசியவரின் குரல்தானா? செய்தியாளர் நேர்கூற்றை அயற்கூற்றாக்குகிறார். 'நான்' என்பது 'அவர்' ஆகிறது. 'இன்று' என்பது 'அன்று' ஆகிறது. குறுக்கீடும் தயக்கமும் மறைந்து, ஒரு மணிநேர வாதம் ஒரு பத்தியாகச் சுருங்குகிறது. 'கூறினார்', 'வற்புறுத்தினார்', 'சாடினார்' என்னும் வினைமுற்றுகளுள் எதைத் தெரிந்தெடுத்தாலும் அதில் செய்தியாளரின் மதிப்பீடு ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் கத்தரிக்கோல் பிடித்த கை எதைக் காக்கலாம், எதை விடலாம் என்று முடிவு செய்கிறது. ஆக, ஒவ்வொரு நறுக்கும் பேசியவர், எழுதியவர், வெட்டியவர் ஆகிய மூவர் சேர்ந்து ஆக்கிய பனுவல்.

இது வெறும் முறையியல் சிக்கல் அன்று. 1928இல் ஆல்பர்ட்டா சட்டமன்றம் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. 'மனவளர்ச்சி குன்றியோர்' என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் உட்பட ஏறத்தாழ 2,800 பேர் அச்சட்டத்தின்கீழ்க் கருத்தடைக்கு உள்ளாயினர். 1926 தேர்தலில் தோற்று அவையை விட்டு விலகியிருந்த மெக்லங்கும் அச்சட்டத்தை ஆதரித்தவரே. சட்டம் நீக்கப்பட்டது 1972இல். ஹன்சார்டு தொடங்கிய அதே ஆண்டில். எனவே அதை நீக்கியபோது உறுப்பினர்கள் பேசியது சொல்லுக்குச் சொல் கிடைக்கிறது. அதை இயற்றியபோது பேசியதற்குச் செய்தித்தாளின் சுருக்கமே சான்று. பாதிக்கப்பட்டோரின் சார்பில் யார் என்ன கேட்டார், எதற்கு விடை கிடைக்கவில்லை என்பவற்றை அன்றைய செய்தியாளர் எழுதிய அளவுக்கு மேல் அறிய வழியில்லை.

நறுக்கேடுகளை ஒதுக்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். ஒரே நாள் விவாதத்தை லிபரல் சார்புடைய 'எட்மன்டன் புல்லட்டின்' எழுதிய விதத்தையும், கன்சர்வேட்டிவ் சார்புடைய 'எட்மன்டன் ஜர்னல்' எழுதிய விதத்தையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் பேச்சின் சாரம் ஓரளவு தெளிவாகும். முரண்படும் இடத்தில் எழுதியவரின் கை தெரியும். மெக்லங்கை மேற்கோள் காட்டும் ஆய்வேடு, அச்சொற்கள் யார் எழுத்தில் வந்தவை என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.