இறப்பரை அறிந்த வரலாறு

இறப்பர் மரம் வன்னிக்குரியதன்று. பாலையும் முதிரையும் நிற்கும் இவ்வரண்ட நிலத்திலிருந்து அதன் வரலாற்றை நாம் ஏன் பேசவேண்டும்? 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குத் தப்பி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து காடு வெட்டிக் குடியமர்ந்த தோட்டத் தொழிலாளருள் இறப்பர்ப்பால் வெட்டியோரும் இருந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று உயர்தர வகுப்பில் இரசாயனம் கற்கின்றனர். ஐசோப்பிரீன் என்னும் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கிற் கோத்த சங்கிலியே இயற்கை இறப்பர் என்று பாடநூல் அவர்களுக்குச் சொல்கிறது. அது எவ்வாறு அறியப்பட்டது, எவருடைய தேவைக்காக அறியப்பட்டது என்பதைச் சொல்வதில்லை.

1826இல் மைக்கல் பரடே இறப்பரைப் பகுத்து, அதிற் காபனும் ஐதரசனும் ஐந்துக்கு எட்டு என்ற விகிதத்தில் உள்ளன எனக் கண்டார். 1860இல் கிரெவில் வில்லியம்ஸ் அதனைக் காய்ச்சி வடித்து ஐசோப்பிரீனைப் பிரித்தார். ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. கட்டாப்பேர்ச்சா என்றொரு மரப்பால் உண்டு. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையானது அது. அதிலும் அதே அணுக்கள், அதே விகிதம். ஆனால் இறப்பர் இழுபடும். கட்டாப்பேர்ச்சா விறைத்து நிற்கும். அணுக்களை எண்ணினாற் போதாது, அவை எப்பக்கமாக அமர்ந்துள்ளன என்பதையும் அறியவேண்டும். அதனைக் காட்டவல்ல வழிகளுள் ஒன்று ஒளி.

1800இல் வில்லியம் ஹேர்ஷல் சூரிய நிறமாலையிற் சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில், வெப்பமானியை வைத்தார். பாதரசம் ஏறியது. செந்நிறக்கீழ்க் கதிர் என்று நாம் இன்று அழைப்பது அதுவே. அணுக்களை இணைக்கும் பிணைப்புகள் சுருள்வில்லைப்போல் அதிர்வன. ஒவ்வொன்றும் தன் அதிர்வுக்கு ஒத்த கதிரையே விழுங்கும், ஏனையவற்றைப் போகவிடும். எனவே ஒரு பொருளினூடே இக்கதிரைச் செலுத்தி, எவ்வெவ்விடத்தில் அது குறைகின்றது என்று வரைந்தால், அவ்வரைபு அப்பொருளின் கைரேகை போன்றது. அமெரிக்கரான கொப்லென்ற்ஸ் 1905இல் ஏராளமான சேர்வைகளுக்கு இத்தகைய வரைபுகளை வெளியிட்டார். இரசாயனவியலாளர் பலர் நெடுங்காலம் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. கருவி செய்வது கடினம். ஒரு வரைபுக்கு மணிக்கணக்கிற் குந்தியிருக்கவேண்டும். இலாபம் தராத அறிவுக்கு முதலாளித்துவ உலகம் அவசரப்படுவதில்லை.

அவசரம் 1942இல் வந்தது. பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியாவும் யப்பானியர் கைக்குச் செல்ல, நேச நாடுகள் தம் இயற்கை இறப்பரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை இழந்தன. சக்கரமின்றி யுத்தம் நகராது. அமெரிக்க அரசு பியூட்டாடையீனையும் ஸ்ரைரீனையும் இணைத்துச் செயற்கை இறப்பர் செய்யும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றையொன்று ஒத்த ஐதரோகாபன்கள் கலந்து வரும் வாயுவிற் பியூட்டாடையீன் எவ்வளவு என்பதை விரைந்து அளக்கவேண்டும். ஷெல் நிறுவனத்தின் ரொபேட் பிராட்டெய்ன் வகுத்த அமைப்பைக் கொண்டு கலிபோர்னியாவின் பெக்மன் நிறுவனம் அவ்வாண்டே செந்நிறக்கீழ் நிறமாலைமானியைச் செய்தளித்தது. மணிக்கணக்கான வேலை நிமிடங்களில் முடிந்தது. யுத்த இரகசியம் என்பதால் அக்கருவி பற்றி வெளியே பேசவும் இயலவில்லை.

அதே பஞ்சம் இலங்கையில் வேறு வடிவெடுத்தது. நேச நாடுகளுக்கு எஞ்சிய முக்கிய இறப்பர்த் தேசம் இதுவே. 1876இல் பிரேசில் விதைகளிலிருந்து கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் ஹெனரத்கொடையில் நடப்பட்டதிலிருந்து வளர்ந்த செல்வம் அது. முதிர்ந்த மரங்களில், மரம் பட்டாலும் படட்டும் என்று பட்டை எஞ்சாமல் வெட்டிப் பாலெடுக்கும் முறை ஊக்குவிக்கப்பட்டது. கலிபோர்னியாவிற் கதிர், களுத்துறையிற் கத்தி. இரண்டையும் இயக்கிய கை ஒன்றே.

யுத்தத்தின் பின் அக்கருவி ஆய்வுகூடங்களுக்குப் பரவியது. ஏறத்தாழ 12 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் இயற்கை இறப்பர் தன்னை வெளிப்படுத்தும். ஸ்ரைரீன்-பியூட்டாடையீன் இறப்பரோ 10.3, 14.3 ஆகிய இடங்களில் தெரியும். ரயரிலுள்ள கரித்தூள் கதிர் முழுவதையும் விழுங்கிவிடுமாகையால், துண்டைச் சுட்டு வரும் ஆவியைக் குளிரவைத்துச் சோதிப்பதும் வழக்கமாயிற்று. 1954இல் அமெரிக்காவில் இயற்கை இறப்பரையொத்த ஐசோப்பிரீன் சங்கிலியே செயற்கையாக ஆக்கப்பட்டபோது அணுவமைப்பு சரியானதா என்று சோதித்த வழிகளுள் இதுவும் ஒன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே வரைபைத் தந்தன. மரத்துப் பாலிலுள்ள புரதம் விட்டுச்சென்ற மெல்லிய அடையாளம் மட்டும் செயற்கையில் இல்லை.

செயற்கை இறப்பர் வளர வளர இயற்கை இறப்பரின் பேரம்பேசும் வலிமை குன்றியது. விலை சரிந்த 1952இல் இலங்கை சீனாவுடன் ஒப்பந்தம் செய்தது: ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறுவது. வல்லரசின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தாத துணிவான செயல் அது. நாம் அதனைப் பாராட்டவே செய்கிறோம். ஆனால் அந்த இறப்பரின் பாலை வெட்டியோருட் பலர் 1948இற் குடியுரிமையையும் 1949இல் வாக்குரிமையையும் இழந்திருந்தனர். நாடு உண்ட அரிசிக்கு விலை கொடுத்தவர்கள் நாட்டினராகக் கணக்கிடப்படவில்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் அவர்களைப் பங்கிட்டனர்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் பேசுவதாக. அம்மக்களுள் எவரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை.